மல்காஜ்கிரியில் ஒரு கறுப்பு டெலிபோன்

செகந்திராபாத்திலிருந்து மன்மாட் பக்கம் கிளம்பும் ரயில் வேகம் பிடிப்பதற்குள் மல்காஜ்கிரி வந்துவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எந்தப் புறநகரிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். அடுக்குமாடிகள், டீக்கடைகள், ஆள் நிரம்பும்வரை காத்திருக்கும் ஷேர் ஆட்டோக்கள். மல்லிகார்ஜுனகிரி என்பதுதான் மருவி மல்காஜ்கிரி ஆயிற்று என்பார்கள். 2007-ல் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியில் சேர்க்கப்படும்வரை இது தனி நகராட்சி. 2016-ல் பிறந்த மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தின் பெயரிலும் பாதி இதனுடையது. சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இடம் அல்ல.

ஆனால் பரணில் கிடந்த கறுப்பு டெலிபோன் ஒன்றைத் தூசி தட்டி மறுபடியும் பேச வைக்க நினைப்பவருக்கு இது தோதான இடம். காரணத்தைச் சுற்றுவட்டாரத்திலேயே பார்க்கலாம். தெற்கே லாலாகுடாவில் நிஜாம் கால ரயில்வே பணிமனை, 1893-ல் தொடங்கியது. அதற்கு அடுத்த தார்நாகாவில் ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கான பயிற்சி நிறுவனமான இரிசெட்; 1957-லிருந்து இயங்குகிறது. கிழக்கே 1967-ல் பிறந்த எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. அதை நிறுவிய ஏ.எஸ். ராவின் பெயரில் ஒரு நகரே பக்கத்தில் இருக்கிறது. வடமேற்கே திருமலகிரியில் ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி. ரிலே, சுருள், ஸ்பிரிங் என்று ஆயுள் முழுக்கப் புழங்கிய கைகளை இந்த நிறுவனங்கள் உருவாக்கின. ஓய்வு பெற்றபின் அந்தக் கைகளில் பல ஆனந்த்பாக், சஃபில்குடா, நேரெட்மெட் தெருக்களில் வீடு கட்டிக் குடியேறிவிட்டன.

அவர்களில் தமிழர்களும் உண்டு. 1806-ல் உருவான செகந்திராபாத் கன்டோன்மென்ட்டுக்கு மெட்ராஸ் படையோடும், பிறகு ரயில்வேயோடும் வந்த குடும்பங்களின் தொடர்ச்சி இது. திவான் பகதூர் பத்மராவ் முதலியார் பெயரைத் தாங்கிய பத்மராவ் நகரும், அங்குள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலும் அந்த வரலாற்றின் அடையாளங்கள். இந்த வீடுகளுக்கு டெலிபோன் வெறும் வசதியாக இருக்கவில்லை. திருச்சியிலோ வேலூரிலோ நடந்த பிறப்பும் இறப்பும் முதலில் வந்து சேர்ந்தது அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அதிலேயே.

கருவியின் கதையும் சுவாரஸ்யமானது. பெங்களூர் தூரவாணி நகரில் 1948-ல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், பிரிட்டிஷ் மாதிரிகளைப் பின்பற்றி இந்தக் கறுப்பு செட்டுகளைச் செய்தது. அதற்கு முன் வந்தவை இறக்குமதி. உடல் பேக்கலைட், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாண்ட் 1907-ல் கண்டுபிடித்தது. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினில் மரத்தூளைக் கலந்து, சூடான அச்சில் அழுத்தினால் கெட்டிப்படும். ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. மின்சாரம் கடத்தாது. அதனால்தான் டெலிபோனுக்குப் பொருத்தமாக அமைந்தது. உடைந்தால் உருக்கி ஒட்ட முடியாது என்பதும் அதனால்தான்.

ஒரு வேடிக்கை உண்டு. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக்கூட இந்தக் கருவி சொந்தமில்லை. அது துறையின் சொத்து. இணைப்பைத் திருப்பித் தரும்போது செட்டையும் ஒப்படைக்க வேண்டும். 'ஓன் யுவர் டெலிபோன்' என்ற பெயரில் ஒரு திட்டம் இருந்தது. அதில் பெருந்தொகை முன்பணம் கட்டியவருக்குக் கிடைத்தது காத்திருப்போர் வரிசையில் சற்று முன்னால் ஓர் இடம். 1947-ல் நாடு முழுவதும் இருந்த டெலிபோன்கள் சுமார் 80,000. 1991-லும் 50 லட்சம்தான். இன்று எஞ்சியிருக்கும் பேக்கலைட் செட்டுகளில் கணிசமானவை, ஒப்படைக்கப்பட்டு பழைய இரும்புக்குப் போய்த் தப்பி வந்தவையே.

ஹைதராபாத்தில் அப்படித் தப்பியவற்றைத் தேட வேண்டிய இடம், பேகம் பஜார் பக்கம் வியாழன்தோறும் கூடும் ஜுமேராத் பஜார். வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். பேக்கலைட் கனக்கும். கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் பினாயில் சாயலில் ஒரு வாடை வரும். பித்தளையில் பளபளக்கும் 'ராஜா காலத்து' டெலிபோன்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றில் பல நேற்றுச் செய்தவை. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். சுருளும் மணியும் உள்ளே இல்லையென்றால் அது வெறும் கூடு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஒயர்கள் எந்தத் திருகில் போகின்றன என்று படம் எடுத்து வைப்பது. இரண்டாவது வேலை, அவசரப்படாமல் இருப்பது. கூட்டைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. மேல்பரப்பு தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். உப்புத்தாள் கூடவே கூடாது. பளபளப்பு முழுதும் மேலே உள்ள மெல்லிய பிசின் படலத்தில்தான் இருக்கிறது. பித்தளைக்குப் போடும் பாலிஷை மென்துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்து, முடிவில் மெழுகு பூசினால் போதும். கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது முதுமையை மறைக்க முகத்தில் தார் பூசுவது போல.

அடுத்தது டயல். இதில்தான் நிபுணத்துவம் தேவை. டயலைச் சுற்றி விட்டதும் அது திரும்பி வரும் வேகத்தை உள்ளே ஒரு சிறிய கவர்னர் கட்டுப்படுத்துகிறது. திரும்பும்போது லைனை நொடிக்குப் பத்து முறை துண்டித்து இணைக்கும். 3 சுற்றினால் மூன்று துடிப்பு, 0 சுற்றினால் பத்து. ஆகவே பூஜ்யம் திரும்ப ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். இழுத்து இழுத்து வந்தால் பழைய எண்ணெய் பிசுக்காகிவிட்டது என்று பொருள். பற்சக்கர அச்சுகளில் கடிகார எண்ணெய் ஊசி முனையளவு வைக்கலாம். கவர்னரின் எடைகள் உரசும் கிண்ணத்தில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது. உடைந்த ஸ்பிரிங்குக்கும் திருகுக்கும் செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைகள். கண்டென்சருக்கும் ஒயருக்கும் கோட்டி குஜராத்தி கல்லி. டெலிபோனைப் பழுது பார்க்கிற சாக்கில் இரட்டை நகரங்களின் பாதியைப் பார்த்துவிடலாம்.

பேசும் முனையில் கார்பன் துகள்கள் அடைத்த ஒரு டப்பி இருக்கும். குரலின் அதிர்வில் துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை மாற்றும். அதுதான் பேச்சாகப் போகிறது. ஈரத்தில் துகள்கள் கட்டிபட்டால் குரல் அமுங்கும். அந்தக் காலத்தில் "ஹலோ... ஹலோ..." என்று ரிசீவரை உள்ளங்கையில் தட்டியவர்கள் கோபத்தில் மட்டும் தட்டவில்லை, துகள்களைத் தளர்த்தவும்தான். மணிக்கு எச்சரிக்கை தேவை. லைனில் சாதாரணமாக இருப்பது 48 வோல்ட். மணி அடிக்கும்போது 75 வோல்ட் மாறுமின்னோட்டம் வரும். இணைப்பில் இருக்கும்போது விரல் வைத்தால் ஷாக் நிச்சயம்.

இவ்வளவும் செய்தபின் வருகிறது உண்மையான சிக்கல். சுழல் டயல் டெலிபோன் தனித்து நிற்கும் பொருளல்ல. அதன் மறுபாதி எக்ஸ்சேஞ்சில் இருந்தது. அல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற சவ அடக்க வியாபாரி 1891-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, டயலின் ஒவ்வொரு துடிப்புக்கும் எக்ஸ்சேஞ்சில் ஒரு கருவி ஒரு படி ஏறும். இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் சிம்லாவில் 1913-14-ல் வந்தது. பிறகு மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் வந்து ஸ்ட்ரௌஜர் இயந்திரங்கள் பழைய இரும்பாயின. ஆனால் புதியவை பழைய டயலின் துடிப்பையும் புரிந்துகொண்டன. அதனால்தான் தாமிரக் கம்பி இணைப்பு உள்ள வீட்டில் அறுபது வயது டெலிபோனால் இன்றும் பேச முடிகிறது.

இப்போது கம்பியே மாறுகிறது. தாமிரத்தின் இடத்தில் கண்ணாடி இழை வருகிறது. புதிய மோடங்களின் டெலிபோன் துளைகளில் பலவற்றுக்குப் பொத்தான் டெலிபோனின் ஓசைகள்தான் தெரியும், துடிப்பு தெரியாது. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் யாரையும் அழைக்க முடியாது. தாமிர இணைப்பிலும் 'ஒன்றை அழுத்தவும்' என்னும் பதிவுக் குரலுக்கு இந்த டெலிபோனிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு, 2021 ஜனவரி 15 முதல் தரைவழி டெலிபோனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் ஒரு 0 சேர்க்க வேண்டும். டயலில் ஆக நீளமான எண் அதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுருளையும் மணியையும் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே புளூடூத் பலகை வைப்பது. கடைகளில் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது டெலிபோன் வேஷம் போட்ட செல்போன். இன்னொன்று, துடிப்பை ஓசையாக மாற்றும் சிறு மின்சுற்றை மோடத்துக்கும் டெலிபோனுக்கும் நடுவில் பொருத்துவது. உள்ளே ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. பின்னால் வரும் யாரும் அதைக் கழற்றிப் பழையபடி ஆக்கலாம்.

இரண்டாவது வழிக்குப் பொறுமையும், டயல் திரும்பும் ஓசையை வைத்தே வேகத்தைச் சொல்லும் காதும் வேண்டும். அந்தக் காதுகள் மல்காஜ்கிரியின் தெருக்களில் இன்னும் இருக்கின்றன; காலையில் சஃபில்குடா ஏரிக் கரையில் நடக்கின்றன. ஸ்பிரிங் ராணிகஞ்சில் எப்போதும் கிடைக்கும். இவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தால், தாமிர இணைப்பைத் திருப்பித் தரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் அதை இறக்கி, தெருவில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கூடவே வீட்டுப் பிள்ளை ஒன்றையும் அழைத்துப் போங்கள். கவர்னர் எங்கே இருக்கிறது என்பதையாவது அது பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.