பொதுவும் சொந்தமும்: பூட்டப்பட்ட கணினி பற்றிய சில சிந்தனைகள்

ஒரு கருவியைப் பயன்படுத்தும் உரிமையும் அதனை மாற்றியமைக்கும் உரிமையும் ஒன்றல்ல. நூலகத்து நூலைப் படிக்கும் உரிமை மாணவனுக்கு உண்டு; அதன் ஓரத்தில் குறிப்பெழுதும் உரிமை இல்லை. நூலகத்தில் எவருக்கும் விளங்கும் இவ்வேறுபாடு கணினியின் முன் எளிதில் விளங்குவதில்லை. பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் தனக்குத் தேவையான மென்பொருளொன்றை நிறுவ முற்படும் மாணவனின் முன் ஒரு சிறு சாளரம் தோன்றி, நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கின்றது. அது அவனிடம் இல்லை. இந்நிலையில் பெரும்பாலானோர் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். ஒன்றில் வேலையைக் கைவிடுகின்றனர். அன்றேல் பூட்டை உடைக்கும் வழியைத் தேடுகின்றனர். அப்பூட்டு எதன்பொருட்டு இடப்பட்டது, எதனைக் காக்கின்றது, எதனைக் காவாது விடுகின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ஆனால் விடையோ அவ்வினாக்களுக்குள்ளேதான் உள்ளது.

இப்பிரச்சினை முதலில் தோன்றிய இடங்களுள் ஒன்று பல்கலைக்கழகமே என்பது கருதத்தக்கது. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்தும் முறைமையொன்றைச் செய்து காட்டினர். பலர் பகிருமிடத்து, ஒருவரது கோப்பினை மற்றவர் தொடாதிருத்தல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் உரிய நேரமும் வரையறுக்கப்படல் வேண்டும். கடவுச்சொல் இதன்பொருட்டே வந்தது. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணித்தியாலங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அவை தமது ஆய்வுக்குப் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினையே அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கணினியைப் பணித்து, அவர் அவற்றைப் பெற்றுக்கொண்டார். பல ஆண்டுகளின் பின்னர் அவரே இதனை வெளியிட்டார். ஷேரின் தேவை நியாயமானது. அவர் கொண்ட வழி நியாயமானதன்று. ஏனெனில் அவர் பெற்ற மேலதிக நேரம் வேறொருவரின் பங்கிலிருந்தே வந்தது. பூட்டும் அதனைத் தாண்டும் வேட்கையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை எனலாம்.

அதே நிறுவகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ற்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975 இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விடயத்தை ஒரு நெறியாக வகுத்துரைத்தனர். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பாவனையாளரும் தத்தம் பணியை நிறைவேற்றுவதற்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையுடனேயே இயங்குதல் வேண்டும் என்பது அந்நெறி. இது பாவனையாளர்மீது கொண்ட அவநம்பிக்கையன்று. தவறு எவருக்கும் நேரலாம். நேரும் தவறு சிறிய எல்லைக்குள் அடங்கிவிடல் வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கையே அதன் அடிப்படை.

விண்டோஸ் இயங்குதளத்தின் வரலாறு இந்நெறியினின்றும் விலகிச் சென்று பின்னர் மெல்ல அதனை நோக்கி மீண்ட வரலாறாகும். விண்டோஸ் 95, 98 ஆகியவை வீட்டிலிருக்கும் ஒருவரை மனங்கொண்டு அமைக்கப்பட்டவை. கணினியின் முன் அமர்ந்தவரே அதன் முழு அதிகாரி. 1993 இல் அலுவலகங்களுக்கென வெளிவந்த விண்டோஸ் என்.ரி. பாவனையாளரிடையே உரிமை வேறுபாட்டைப் பேணியது. அவ்வடித்தளம் 2001 இல் எக்ஸ்.பி. மூலம் வீடுகளுக்கும் வந்தது. ஆயினும் ஆங்கு முதலில் உருவாக்கப்படும் கணக்குகள் நிருவாகிக் கணக்குகளாகவே அமைந்தன. 2007 இல் மக்கள் கைக்கு வந்த விஸ்ராவே முக்கியமான மாற்றங்களின்போதெல்லாம் நின்று அனுமதி கேட்கும் முறையைப் புகுத்தியது. அக்கேள்வி பலருக்கு எரிச்சலூட்டியது. எனினும் அதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது: எத்தனையோ மென்பொருள்கள் தேவையினாலன்றிப் பழக்கத்தினாலேயே நிருவாகியின் உரிமையைக் கோரி வந்தன. எல்லோரும் நிருவாகிகள் என்னும் எடுகோளுடன் நிரலெழுதிப் பழகிய ஒரு தலைமுறையின் எச்சம் அது.

ஆகவே, ஒரு மென்பொருள் உண்மையிலேயே எதனைத் தொடுகின்றது என்று நோக்குதல் பயனுடையது. விண்டோஸ் கணினியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று பொதுவானது. இயங்குதளத்தின் கோப்புகள், 'புரோகிராம் பைல்ஸ்' எனப்படும் கோப்புறை, கணினி முழுமைக்குமான அமைப்புகளைத் தாங்கும் பதிவேட்டுக் கிளை என்பன இதனுள் அடங்கும். மற்றையது பாவனையாளர் ஒவ்வொருவருக்கும் உரியது. அவரது ஆவணங்கள், 'ஆப் டேற்றா' என்னும் மறைவான கோப்புறை, அவருக்கு மாத்திரமேயுரிய பதிவேட்டுக் கிளை என்பன இதனுள் அடங்கும். முதலாவதில் எழுதுவதற்கே நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும். இரண்டாவதில் எழுதுவதற்கு வேண்டியதில்லை. வீதியைத் தோண்டுவதற்கு அனுமதி வேண்டும். தன் வளவில் ஒரு வாழைக்குட்டி நடுவதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை.

தன் வளவுக்குள் அடங்கும் மென்பொருள்கள் பல உள்ளன. நிறுவும்போது 'எல்லாப் பாவனையாளருக்கும்', 'எனக்கு மட்டும்' என இரு தெரிவுகளைச் சில மென்பொருள்கள் முன்வைக்கின்றன. இரண்டாவதைத் தெரிந்தால் பூட்டுக்கு வேலையில்லை. 2008 இல் வெளிவந்த குரோம் உலாவி பாவனையாளரின் கோப்புறைக்குள்ளேயே தன்னை நிறுவிக்கொண்டது. பைதன் மொழியையும், புள்ளிவிபரவியலுக்குப் பயன்படும் 'ஆர்' மொழியையும் இவ்வாறே நிறுவ இயலும். சமூகவியலிலோ புவியியலிலோ சிறப்புக் கற்கையை மேற்கொள்ளும் மாணவருக்கு இது சிறிய செய்தியன்று. இன்னுமொரு வகை, நிறுவுதலே வேண்டாத கையடக்க மென்பொருள். சுருக்கிக் கட்டப்பட்ட கோப்பினை ஒரு கோப்புறையில் விரித்தால் அங்கிருந்தே அது இயங்கும். 2004 இல் ஜோன் ஹோலர் என்பவர் பயர்பொக்ஸ் உலாவியை இவ்வாறு பென்ட்ரைவில் கொண்டு செல்லத்தக்கதாக அமைத்தார். இன்று லிப்ரே ஒபிஸ் போன்ற பெரிய மென்பொருட் தொகுதிகளும் அவ்வடிவில் கிடைக்கின்றன. மறுதலையாக, அச்சுப்பொறி போன்ற சாதனங்களுக்கான இயக்கிகளும், கணினி முழுமைக்கும் பின்னணியில் ஓடும் சேவைகளும் இவ்வளவுக்குள் அடங்குவனவல்ல. அவை வீதியைத் தோண்டும் வேலைகள்.

இங்கு இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. கடவுச்சொல் தரப்படாமையும் வெளிப்படையாகத் தடுக்கப்படுதலும் ஒன்றல்ல. பாவனையாளரின் கோப்புறையிலிருந்தும் பென்ட்ரைவிலிருந்தும் எந்நிரலும் இயங்காதவாறு தடுக்கும் வசதி நிருவாகிக்கு உண்டு. அவ்வாறு தடுத்திருந்தால் அது தெரிந்தே இயற்றப்பட்ட விதி. அதனைச் சுற்றிச் செல்ல முனைவது ஷேரின் வழியே ஆகும். அத்தகைய விதிகளுக்குக் காரணமும் உண்டு. 2008 இல் பரவத் தொடங்கிய கொன்பிக்கர் என்னும் தீநிரலின் சில வகைகள் பென்ட்ரைவ் வழியாகவே கணினி விட்டுக் கணினி தாவின.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் ஆழமானது. நிருவாகியின் பூட்டு காப்பது கணினியையே, மாணவனின் ஆக்கத்தையன்று. மாணவி ஒருத்தி மூன்று மாதம் உழைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை அவளது சொந்தக் கோப்புறையில் உள்ளது. அதே கோப்புறையில் அவளது உரிமையுடன் இயங்கும் எந்நிரலும், கடவுச்சொல் எதுவுமின்றி, அதனை அழிக்கலாம். மறைகுறியாக்கிப் பணயம் கேட்கலாம். இயங்குதளம் கெட்டால் ஒரு பிற்பகலுக்குள் மீள நிறுவிவிடலாம். கட்டுரையை அவ்வாறு மீட்க இயலாது. ஆகவே அனுமதி கேட்காது இயங்குகின்றது என்பதனால் ஒரு மென்பொருள் தீங்கற்றது என்று கொள்வது பேதைமை. அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதலும், தன் ஆக்கத்துக்குப் பிறிதோர் இடத்தில் படியொன்று வைத்திருத்தலும் தன் வளவின் காவலைத் தானே ஏற்பவர்க்குரிய கடமைகள்.

இதுவரை கூறியவை தொழினுட்பம் சார்ந்தவை. ஆயின், இப்பிரச்சினைக்கு ஒரு சமூக முகமும் உண்டு. சொந்த மடிக்கணினி உள்ள மாணவன் அதன் நிருவாகி. நினைத்ததை நினைத்த நேரத்தில் நிறுவுகின்றான். ஆய்வுகூடத்தை நம்பியிருக்கும் மாணவனோ அங்கு ஒரு விருந்தாளி. "இந்த மென்பொருளை நிறுவிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்கு வாருங்கள்" என்று ஒரு விரிவுரையாளர் கூறும்போது, அவரை அறியாமலே வகுப்பு இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதியினருக்கு அது பத்து நிமிட வேலை. மறுபகுதியினருக்கு அது விண்ணப்பக் கடிதம், உத்தியோகத்தரின் கையொப்பம், காத்திருப்பு. உடைமை உள்ளோர்க்கே உரிமை என்னும் பழைய விதி இங்குப் புதிய வேடத்தில் வந்து நிற்கின்றது. பூட்டு அநியாயமானதென்பது இதன் பொருளன்று. பூட்டின் இருபுறத்தும் யார் யார் நிற்கின்றனர் என்பதைக் காணாது கற்பித்தலைத் திட்டமிடுவதே அநியாயம்.

தமிழில் எழுதும் மாணவர்க்கு இது மேலும் கூர்மையுற்ற விதத்தை எழுத்துருவின் கதை தெளிவாக்கும். இலங்கையில் நீண்டகாலம் பெருவழக்கிலிருந்த, இன்றும் வழக்கொழியாத, பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைப்பது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆவணத்தைத் திறந்தால் தமிழ் தோன்றாது. 'தமிழ்' என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதைந்து நிற்கும். ஆய்வுக் கட்டுரையை அச்சிடுவதற்கு ஆய்வுகூடத்துக்கு வரும் மாணவியின் முன் அவள் எழுதிய நூறு பக்கங்களும் இக்கோலத்தில் தோன்றினால், அவளுக்குத் தேவைப்படுவது ஒரு சிறு எழுத்துருக் கோப்பே. ஆனால் எழுத்துருக்களின் கோப்புறை பொதுப் பகுதியில் இருந்தது. அதற்கும் நிருவாகியின் கடவுச்சொல் வேண்டியிருந்தது. ஆவணத்தினுள்ளேயே எழுத்துருவைப் பொதிந்து கொண்டுவருதலும், பி.டி.எப். ஆக்கிக் கொண்டுவருதலும் அறிந்தோர் கைக்கொண்ட வழிகள்.

ஓர் எழுத்துருவுக்கு ஏன் இத்துணைக் காவல் எனக் கேட்கலாம். அதற்கும் விடையுண்டு. 1996 இன் விண்டோஸ் என்.ரி. 4.0 முதல் எழுத்துகளை வரையும் பணி வேகங்கருதி இயங்குதளத்தின் கருவுக்குள் வைக்கப்பட்டது. பழுதுபட்ட எழுத்துருவொன்று அக்கருவையே தாக்க வல்லதாயிற்று. 2011 இல் கண்டறியப்பட்ட டுக்கு என்னும் தீநிரல், வேர்ட் ஆவணமொன்றில் வைக்கப்பட்ட எழுத்துருவின் வழியாகவே கணினியினுட் புகுந்தது. பின்னர் விண்டோஸ் 10 இல் எழுத்துருக்களை ஆராயும் பணி கருவினின்றும் வெளியே கொணரப்பட்டது. 2018 ஒக்ரோபர் மாதப் பதிப்பு முதல் பாவனையாளர் தமக்கு மாத்திரம் எழுத்துருவை நிறுவிக்கொள்ள இயலுகின்றது; கடவுச்சொல் வேண்டியதில்லை. நேற்றுவரை பொதுவாயிருந்தது இன்று சொந்தமாயிற்று. பொதுவுக்கும் சொந்தத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு இயற்கை இட்டதன்று, மனிதர் இட்டது. காரணங்கள் மாறும்போது அதனையும் மாற்றியமைக்கலாம் என்பதையே இது உணர்த்துகின்றது.

எனினும் எழுத்துருப் பிரச்சினைக்கான சிறந்த தீர்வு இதுவன்று. அது எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துகள் தமக்கென இடம் பெற்றன. விண்டோஸ் 2000 தமிழுக்கு ஆதரவளித்து லதா என்னும் எழுத்துருவையும் உடன் கொண்டுவந்தது. எக்ஸ்.பி. காலத்தில் அவ்வாதரவு உள்ளே இருந்தும் உறங்கியது. அதனை இயக்குவதற்கு நிருவாகியின் உரிமை தேவைப்பட்டது. விஸ்ரா முதல் அத்தடையும் நீங்கியது. இன்று ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ் ஆவணத்தை எந்த ஆய்வுகூடத்திலும் எவரது அனுமதியுமின்றித் திறந்து படிக்கலாம். அனுமதி தளர்த்தப்பட்டதால் நிகழ்ந்ததன்று இது. தமிழ் பொதுவின் ஒரு பகுதியாயிற்று; ஆதலின் அனுமதி என்னும் பேச்சே எழவில்லை.

ஆகப் பூட்டப்பட்ட கணினியின் முன் இரு நேரிய வழிகள் உள்ளன. ஒன்று, வேண்டியதைத் தன் சொந்த எல்லைக்குள் சுருக்கிக்கொள்ளுதல். மற்றையது, வேண்டியதைப் பொதுவில் இடம்பெறச் செய்தல். முதலாவது தனிமனிதனின் திறமையால் ஆவது. ஒரு மாலைப்பொழுதின் தேவையைத் தீர்ப்பது. இரண்டாவது பலரது கோரிக்கையால் ஆவது. பின்வரும் மாணவர்க்கும் பயன்படுவது. தத்தம் பாடநெறிகளுக்குத் தேவையான மென்பொருள்களின் பட்டியலைத் தவணை தொடங்குமுன்னரே விரிவுரையாளர் ஆய்வுகூடத்துக்கு வழங்கலாம். தமிழ் விசைப்பலகையும் எழுத்துருக்களும் ஒவ்வொரு கணினியிலும் உள்ளனவா என மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கேட்கலாம். பாமினியில் உறங்கும் பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் துறைகள் ஒருங்குறிக்கு மாற்றலாம். இவற்றுள் எதற்கும் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லைத் தனக்கெனக் கேட்பவன் பெறுவது ஒரு கணினியை; பொதுவில் இடம் கேட்பவர் பெறுவது ஆய்வுகூடம் முழுவதையும்.