பெயர் பெற்ற இடங்கள்

"இவ்வளவுதானா, பெரியப்பா?"

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு நண்பகல் வேளையில், பிச்சாவரத்துப் படகுத்துறையில் இறங்கி நின்றபோது என் தம்பி மகன் கேட்ட கேள்வி இது. அவன் எடின்பரோ நகரில் வேலை பார்ப்பவன். மூன்று வார விடுமுறையில் கடலூருக்கு வந்திருந்தான். உலகப் புகழ் பெற்ற காடு நம் மாவட்டத்திலேயே இருக்கிறதே, காட்டுங்கள் என்று அவன்தான் கேட்டான். சிதம்பரம் சென்று, கிள்ளை வழியாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நெடுநேரம் காத்திருந்து விசைப்படகில் ஏறினோம். பொறியின் இரைச்சலில் ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. கரையோர வேர்களில் யாரோ எறிந்த நெகிழிப் புட்டிகள் சிக்கிக் கிடந்தன. 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படம் இங்கேதான் எடுக்கப்பட்டது என்று படகோட்டி சொன்னார். எம்.ஜி.ஆர். திரைப்படம் ஒன்றையும் முழுமையாகப் பார்த்திராத இளைஞனுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

அவன் கேள்வி என்னைச் சுட்டது. சொந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி உணவைக் குறை சொன்னால் எழும் சினம் போன்ற ஒன்று உள்ளே எழுந்தது. "உங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சிரித்தான். "அங்கேயும் இதே கதைதான், பெரியப்பா" என்று தொடங்கி, கடலூர் திரும்பும் வழியெல்லாம் ஒரு கதை சொன்னான்.

அவனுக்குக் கோல்ஃப் ஆட்டத்தில் பற்று உண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஓர் ஊர். நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்த திருத்தூதர் அந்திரேயாவின் பெயரைத் தாங்கியது. அவருடைய திருப்பண்டங்களை வணங்க ஒரு காலத்தில் திருப்பயணிகள் திரண்டு வந்த இடம். அந்நாட்டிலேயே மிகப் பெரியதாய் விளங்கிய அதன் பேராலயம் 1559-இல் சூறையாடப்பட்டது. இன்று இடிந்த சுவர்களே எஞ்சியிருக்கின்றன. ஆயினும் ஊரின் புகழ் அழியவில்லை, இடம் மாறிக்கொண்டது. கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. இளைஞர்கள் வில்வித்தையை மறந்து இந்த ஆட்டத்தில் மூழ்குகிறார்கள் என்று 1457-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் தடைச் சட்டம் இயற்றினார்கள் என்றால் அதன் பழமையை எண்ணிக்கொள்ளலாம்.

அங்குள்ள பழைய மைதானத்தில் ஆட வேண்டும் என்பது அவன் கனவு. இடம் பெறக் குலுக்கலில் பெயர் கொடுத்தான், விழவில்லை. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பொதுவாக ஆட்டம் கிடையாது. அன்று அது ஊரார் உலவும் வெளி. ஆகவே இவனும் நடந்து பார்த்தான். மேடும் பள்ளமுமாய்ப் புல் வளர்ந்த கடலோரத் தரை. படங்களில் பெரிதாய்த் தெரிந்த கற்பாலம் நம் வாய்க்கால் மதகைவிடச் சற்றே பெரியது. முதியவர்கள் நாய்களோடு நடந்து கொண்டிருந்தார்கள். "அங்கேயும் நான் இவ்வளவுதானா என்றுதான் நினைத்தேன்" என்றான்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் அப்படியே தோன்றியதாம். 1946-இல் அமெரிக்கரான சாம் ஸ்னீட், வந்த இரயிலிலிருந்தே அதைப் பார்த்துக் கைவிடப்பட்ட மைதானம் போலிருக்கிறதே என்றாராம். அவரே அந்த ஆண்டு அங்கே வெற்றிக் கோப்பையை வென்றார். அவருக்கும் முன்னால், 1921-இல், பாபி ஜோன்ஸ் என்ற இளைஞர் அந்த மைதானத்தோடு மல்லாடிச் சலித்து, பதினோராவது குழியில் தம் கணக்குச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகினார். 1927-இல் அதே மைதானத்தில் அவர் வென்றார், 1930-இலும் வென்றார். பிறகு அதைப் போன்ற இடம் வேறில்லை என்று கருதும் அளவுக்கு அதை நேசித்தார். 1958-இல் அவ்வூரார் அவரைத் தம் நகரின் உரிமைக் குடிமகனாக ஏற்றுப் பெருமைப்படுத்தினார்கள். இடையில் மைதானம் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியவர் ஜோன்ஸ்தான்.

இந்தக் கதையைக் கேட்டபின் நான் சற்று நேரம் பேசவில்லை. அவனே தொடர்ந்தான்: "நீங்கள் கடைசியாகப் பிச்சாவரம் வந்தது எப்போது, பெரியப்பா?"

கல்லூரி நாளில், அந்தத் திரைப்படம் வந்த மறு ஆண்டு, தோழர்களோடு ஒருமுறை வந்தேன். அதற்குப் பின் இன்றுதான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றும் உண்டு. அதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிறு. அன்று காலை கடல் எழுந்து வந்ததை நம் மாவட்டத்தார் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளிக் கடற்கரை என்று நாம் மாலைக் காற்று வாங்கப் போகும் தேவனாம்பட்டினத்தில் வீடு வீடாக அழுகுரல் கேட்டது. சில நாள் கழித்து, பங்குப் பெண்களோடு என் மனைவி கிள்ளைப் பக்கம் துணிமணிகளும் அரிசியும் எடுத்துச் சென்றாள். இரவு திரும்பி வந்தவள் சொன்னாள்: "முகத்துவாரத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள், காடு எங்களைக் காப்பாற்றியது என்கிறார்கள். ஒரு நாள் அந்தக் காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். படகு விட அல்ல, நன்றி சொல்ல."

"போகலாம், பக்கத்தில்தானே இருக்கிறது? எங்கே போய்விடப் போகிறது?" என்றேன். காடு எங்கேயும் போகவில்லை. 2016-இல் அவள் போய்விட்டாள்.

அவள் கேட்டுவந்த செய்தியை ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள், இக்கரையோரத்தின் 18 குப்பங்களை ஒப்பிட்டு, அடர்ந்த காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் இழப்புக் குறைவு என்று 2005-இல் எழுதினர். அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழிலும் கடலூர் மாவட்டக் கரையைப் பற்றிய ஆய்வு ஒன்று அவ்வாறே சொன்னது. காரணம் மரங்கள் மட்டுமன்று, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதும் காரணமே என்று வேறு சிலர் மறுத்தனர். இந்த மறுப்பு எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. உண்மையான சிறப்புடைய ஒன்றுக்கு மிகைப்படுத்தப்பட்ட புகழ் தேவையில்லை.

புகழின் இயல்பை அறிய நமக்குத் தொலைவில் போக வேண்டியதும் இல்லை. கடலூரின் தாவீது கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தே விலை. நாற்புறமும் சுட்டார்கள், அவ்வெல்லைக்குள் அடங்கியவை குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. 1746 முதல் 1752 வரை தென்னாட்டு ஆங்கிலேயர்களுக்கு அதுவே தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினர். இன்று அந்தக் கோட்டையைத் தேடி வருபவர் காண்பது கெடிலம் ஆற்றோரத்துச் சில எச்சங்களையே. குண்டு எவ்வளவு தூரம் போனது என்பதற்கும் கோட்டை எவ்வளவு நாள் நின்றது என்பதற்கும் தொடர்பில்லை. பெயரும் அப்படித்தான் பாய்கிறது.

சிதம்பரத்தை நோக்குங்கள். தில்லை என்பது அதன் பழம்பெயர். தில்லை என்பது ஒரு மரம். அந்த மரத்தைக் காண நகரத்து வீதிகளில் சுற்றிப் பயனில்லை, பிச்சாவரத்துச் சேற்றுக்கே வரவேண்டும். பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று அஞ்சி விறகு வெட்டுவோரும் ஒதுங்கும் மரம் அது. பெயர் ஊருக்குப் போய்விட்டது. மரம் கழிமுகத்திலேயே நின்றுவிட்டது.

அந்த விடுமுறை முடியும் முன் மீண்டும் ஒருமுறை போவோம் என்று தம்பி மகனை அழைத்தேன். இம்முறை காலையில் முதல் ஆளாய்த் துடுப்புப் படகில் ஏறினோம். படகோட்டி என் வயதுக்காரர். குறுகிய கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் இருபுறத்துக் கிளைகளும் தலைக்கு மேல் கூடின. சுரபுன்னையின் ஊன்றுவேர்களையும், வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல்போல் மேலெழும் மூச்சுவேர்களையும் அவர் காட்டினார். சுரபுன்னை விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, பின்னரே சேற்றில் விழுகிறது. உப்பு நீரில் பிழைக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் இந்தத் தாய் கைவிடுகிறாள். நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடித்துக் கொண்டிருந்த இருளர் குடும்பம் ஒன்றைக் கடந்தோம்.

இந்தக் காடும் ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்கு வந்தது. முற்காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையாய் வெட்டியதால் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து கன்றுகள் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து கால்வாய் வெட்டி, ஓத நீர் வந்து போக வழி செய்து, கன்றுகள் நட்டனர். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இக்காடு இடம் பெற்றது. திரைப்படம் தந்த புகழுக்கு முன்பே நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது. என் மனைவிக்கு அந்தப் பெயர் மட்டுமே போதுமானதாக இருந்தது.

ஏமாற்றம் எல்லாம் வருபவனின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பெயரை விற்றுவிட்டு இடத்தைப் பேணாமல் விடுவதும் உண்டு. நாமே புட்டிகளை எறிந்துவிட்டுத் தூய்மையில்லை என்று குறை கூறுவதும் உண்டு. ஆனால் அரைமணிப் பொழுதில், உச்சி வெயிலில், பிறர் சொன்ன புகழைக் கையில் அளவுகோலாய்ப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு எந்த இடம்தான் தன்னைக் காட்டும்?

தம்பி மகன் அன்று ஒன்றும் கேட்கவில்லை. நீரையே பார்த்துக் கொண்டிருந்தான். படகோட்டி துடுப்பை நிறுத்தினார். நான் கையை நீட்டி ஒரு வேரைத் தொட்டேன், ஈரமாயிருந்தது.

"வீட்டம்மாவுக்கு இதைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை" என்றேன் அவரிடம்.

"அப்படியா? இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, ஐயா" என்றார் அவர்.

"வந்திருக்கலாம்" என்றேன்.