கம்பியில் ஒரு கோடு

தம்பி மகன் டெக்சாஸில் இருக்கிறான். ஞாயிறு காலையில் வீடியோ கால் வந்துவிடும். அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. போன மாதம் ஒருநாள், “அத்தை, போனை தாத்தாகிட்ட குடுங்க, ஒண்ணு காட்டணும்” என்றான்.

கார் ஷெட்டில் ஒரு மரமேசை. “ரைபிள் தோட்டாவை வீட்டுலயே செய்யப் போறேன் தாத்தா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்தூரில் இப்படிச் சொன்னால் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அங்கே சொந்த உபயோகத்துக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாமாம், விற்றால்தான் வேண்டுமாம். வாரக் கடைசியில் காசு கட்டி குறிபார்த்துச் சுடும் இடத்துக்குப் போகிறான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தூர எறியாமல், புதுக் கேப்பு, மருந்து, குண்டு போட்டுத் திரும்ப உபயோகிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவன் பிரச்னை, எந்த மெஷின் வாங்குவது என்பது. ஒன்று, கைப்பிடியை இழுத்தால் ஒரே ஒரு வேலையைச் செய்யும். ஐம்பது கூட்டுக்கும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இன்னொன்று ராட்டினம் மாதிரி சுற்றும். எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். “மணிக்கு நூத்துக்கணக்குல போடலாம் தாத்தா. அதைத்தான் ஆர்டர் போடப் போறேன்.”

அப்பாவுக்கு 81 வயது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “தராசு எங்கய்யா?” என்றார்.

இருந்தது. மருந்தை ‘கிரெய்ன்’ கணக்கில் நிறுப்பார்களாம். ஒரு கிரெய்ன் என்றால் 65 மில்லிகிராம். நம் தட்டார்களின் குன்றிமணியில் பாதி எடைதான். மேலே ஃபேன் ஓடினால்கூட எடை ஆடும் என்று அவன் சொன்னபோது, அப்பா சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. கரிசல் புஞ்சையில் சோளமும் கம்பும் கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்கினால், ஒரே ராத்திரியில் வெள்ளாமை போய்விடும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைத் துணியில் சுற்றி, சைக்கிளில் கட்டி, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். தாத்தாவுக்கு இடதுகையில் இரண்டு விரல் கிடையாது. கமலைக் கயிற்றில் மாட்டிப் போனது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“கமலையில போகல” என்றார் அப்பா. போனைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

1956-ல் அப்பாவுக்கு 12 வயது. ராத்திரிக் காவலுக்குக் கூடப் போயிருக்கிறார். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. மருந்தையும் தக்கையையும் ரவையையும் போட்டு இடிக்கிற கம்பியில் ஒரு கோடு கீறியிருக்கும். கம்பியை உள்ளே விட்டால் கோடு குழல் வாயோடு நிற்க வேண்டும்; அப்படி நின்றால் துப்பாக்கி காலி. கோடு வெளியே தெரிந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. தாத்தா அதைப் பார்க்காமல் மருந்து கெட்டவே மாட்டாராம். அன்றைக்கு டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அப்பா நச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தாத்தா பதில் சொல்லிக்கொண்டே ஒருமுறை கெட்டினார். இடையில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டு வந்து, மறுபடியும் ஒருமுறை கெட்டினார். பன்றி வந்தது. குழல் வெடித்தது.

“நான் பேசாம இருந்திருந்தா கோட்டைப் பார்த்திருப்பாரு.”

எழுபது வருஷமாக இதை அம்மாவிடமாவது சொன்னாரா தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பையனும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் சொன்னான். புகையில்லா மருந்து, தாத்தா காலத்துக் கருமருந்து இல்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடவே கூடாது. ஆனால் இதிலும் பயப்படுவது ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுவதற்குத்தானாம். மெஷின் வாங்கும் முன்பே அளவு போட்ட புத்தகம் வாங்கச் சொல்கிறார்களாம். அதில் போட்டிருக்கும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு காப்புக் கண்ணாடியும் கட்டாயமாம்.

“அதெல்லாம் சரி. கூட்டுக்குள்ள எட்டிப் பாக்க எந்த மெஷின்ல முடியும்?” என்றார் அப்பா.

மெதுவான மெஷினில்தான். மருந்து போட்ட கூடுகளை ஒரு கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் குண்டை அமுக்கலாம். கற்றுக்கொள்கிறவன் அதைத்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரரே சொன்னாராம். இதை அவன் எங்களிடம் கடைசியில்தான் சொன்னான்!

எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். கோவில்பட்டிப் பக்கம் பாதி வீட்டுக்கு மருந்து என்றால் என்னவென்று தெரியும். மாத்திரைக்கும் மருந்து, குச்சி முனைக்கும் மருந்து, துப்பாக்கிக்கும் மருந்து. மருந்து அறையில் வம்பு பேசினால் மேஸ்திரி விரட்டுவார் என்று அம்மா சொல்வார். அப்பா அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

அந்தக் கம்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. துணி சுற்றி ஒட்டடை அடிக்கிறோம். கழுவிப் பார்த்தேன், கோடு தெரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கால். சின்ன மெஷின் மேசையில் பூட்டியிருந்தது. பக்கத்தில் ஐம்பது துளை போட்ட கட்டை, டார்ச் லைட். சுவரில் கம்பியின் போட்டோ.

“கதவைச் சாத்திக்கிட்டு, யாரோடயும் பேசாமத்தான் செய்வேன் தாத்தா. போன்கூட வச்சுக்க மாட்டேன். இப்ப முதல் கூட்டுல மருந்து போடுறதைக் காட்டட்டுமா?”

“போனை வையிலே முதல்ல” என்றார் அப்பா.