காரைக்கால்மேடு: விழுந்த பூவரசும் வளைந்த ஓரமும்

காரைக்கால் நகரத்துக்குக் கிழக்கே, அரசலாறு கடலில் சேரும் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது காரைக்கால்மேடு. மீனவர் ஊர். விடிகிற நேரத்தில் ஃபைபர் படகுகள் கரையேறும். கூடையும் பேரமும் வலை உதறலுமாக மணல் நிறைந்துவிடும். வெயில் ஏறியதும் கூட்டம் கலையும். ஊரை விட்டு மேற்கே கொஞ்ச தூரம் போனால் காவிரியின் கடைமடை வயல்கள். வாய்க்கால் கரையிலும், வேலியோரத்திலும், வீட்டுக் கொல்லையிலும் பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி, மா என்று மரங்கள். ஒரு கால் உப்புத் தண்ணீரிலும் ஒரு கால் சேற்றிலும் நிற்கிற பூமி இது.

இந்தக் கரையில் மரத்துக்கும் மனிதர்களுக்கும் இருந்த உறவுக்குச் சாட்சி கட்டுமரம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு சோழமண்டலக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரம் குறைந்துபோனது. அதற்கு முன்பு இருந்த வழக்கம் பெரியவர்களுக்குத் தெரியும். எடை குறைந்த மரமாகத் தேர்ந்தெடுத்து, வாச்சியால் செதுக்கி, கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள். மரங்களைப் பிணைக்க ஆணி கிடையாது. அணியத்துக்கு, அலையில் மேலெழும்பும்படி வளைந்த துண்டுகளை வைப்பார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் பாரமாகிவிடும். அடுத்த நாள் மிதக்காது.

வயல் பக்கத்திலும் இதே அறிவுதான் வேலை செய்தது. நாட்டுக் கலப்பைக்கு, இயற்கையாகவே வளைந்த கருவேலங்கட்டையைத் தேடிப் பிடிப்பார்கள். வளைவோடு சேர்ந்தே நரம்பு ஓடுவதால் அந்தக் கட்டை சுலபத்தில் முறியாது. நேரான கட்டையை வளைவாகச் செதுக்கினால், நரம்பு குறுக்கே அறுபட்டு, இறுகிய மண்ணில் மாட்டும்போது உடைந்துவிடும்.

மரம் தந்த வளைவை, அது தேவைப்படுகிற இடத்தில் வைப்பது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால், இன்று நகரத்துக் கடைகளில் பெரிய விலை சொல்லப்படும் ‘லைவ் எட்ஜ்’ மரச்சாமான்களில் எது நல்லது, எது வெறும் பகட்டு என்று எந்த விவசாயியும் சொல்லிவிடலாம்.

அது என்ன லைவ் எட்ஜ்?

வழக்கமாக மரத்தை மில்லில் கொடுத்தால் நான்கு பக்கமும் சதுரம் பார்த்து அறுப்பார்கள். பட்டைப் பக்கம் கழிவாகப் போகும். அப்படிச் சீவாமல், அடிமரத்தின் வெளிக்கோடு எப்படி வளைந்திருந்ததோ அப்படியே பலகையின் ஓரமாக விட்டுவிடுவதுதான் லைவ் எட்ஜ். ஓரம் சீவாத பலகை என்று சொல்லலாம். மேசை, பெஞ்ச், ஊஞ்சல் பலகை, கட்டில் தலைப்பலகை என்று பலவற்றுக்கும் இப்போது இந்த மோஸ்தர் வந்துவிட்டது.

விவசாயிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கடலோர டெல்டாவில் புயல் அடிக்கடி வருகிற விருந்தாளி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தென்னை, மா, பலா, தேக்கு என்று லட்சக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பாதையை அடைத்துக் கிடக்கும் மரத்தை அப்புறப்படுத்தினால் போதும் என்ற அவசரத்தில், வந்த விலைக்கு விறகாகத் தள்ளிவிட்ட குடும்பங்கள் ஏராளம். தாத்தா ஊன்றிய போத்து 40 வருடம் நின்று, ஒரே மாலையில் லாரியேறிப் போய்விடும். அந்த அடிமரத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டிய மேசையும் பெஞ்சும் இருந்தது என்பது பிறகுதான் உறைக்கும்.

புதுச்சேரியில் வேலை பார்த்த தச்சர்

சீவாத ஓரத்தை உலகம் முழுவதும் அறியச் செய்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905-ல் அமெரிக்காவில், ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். அவருக்கும் காரைக்கால் இருக்கும் இதே யூனியன் பிரதேசத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக ‘கோல்கொண்ட்’ என்ற விடுதிக் கட்டடத்தை அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள 1930-களின் பிற்பகுதியில் வந்தவர்தான் நகாஷிமா. ஆசிரமத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் சுந்தரானந்தா.

பிறகு அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அவரும் மனைவியும் கைக்குழந்தையும் 1942-ல் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாமில்தான் கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் கை வேலையை ஆழமாகக் கற்றார். கிடைத்த துண்டுதுக்காணியை வைத்துத்தான் வேலை. வெளியே வந்த பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். மற்றவர்கள் குறை என்று ஒதுக்கிய முடிச்சையும் வெடிப்பையும் அவர் மறைக்கவில்லை. வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க, வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பை அதன் குறுக்கே பதித்தார். பார்ப்பவருக்கு அது அலங்காரம். பலகைக்கு அது தையல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோல்கொண்ட் விடுதிக்கு அவர் வடிவமைத்தவை எளிய தேக்குச் சாமான்கள். சின்ன அறை, தனி ஆள், அமைதியான வாழ்க்கை. அதற்கு அது போதும். வளைந்த ஓரத்தால் பேர் வாங்கியவருக்கும் எல்லா இடத்திலும் வளைந்த ஓரம் தேவைப்படவில்லை.

எது நல்லது, எது பகட்டு?

டெல்டா வீட்டில் ஒரு மேசை என்றால் அதில் சாப்பிடுவார்கள், பிள்ளைகள் படிப்பார்கள், சமயத்தில் மீனும் காய்கறியும் பரப்புவார்கள். எனவே கடையில் பார்த்தாலும் வீட்டில் செய்தாலும் சில சோதனைகள் போதும்.

முதலாவது, கை. உட்காருகிற பக்கம் மணிக்கட்டு படும் இடத்தில் ஓரம் குத்தக் கூடாது. சேலைத் தலைப்பு சிக்கக் கூடாது. வளைவு மெதுவாக இறங்க வேண்டும்.

இரண்டாவது, துணி. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் சுத்தமாக வேண்டும். ‘இயற்கையாக இருக்கட்டும்’ என்று பட்டையோடு விற்கிறார்கள். பட்டைக்குள் தூசி சேரும், பூச்சி குடியேறும், இரண்டு கோடை போனால் பட்டையே கழன்று விழும். பட்டையை உரித்துவிட்டு, அடியில் இருக்கும் வளைவை மட்டும் காப்பாற்றுவதுதான் முறை.

மூன்றாவது, நரம்பு. மேல் பலகையில் ஓடும் கோடுகள், ஓரம் வளைகிற இடத்தில் கூடவே வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். கோடுகள் நேராக ஓடி, ஓரம் மட்டும் நெளிந்திருந்தால், அது நேர்ப்பலகையை மிஷினில் வெட்டிச் செய்த போலி வளைவு. நேர்க்கட்டையில் செதுக்கிய கலப்பைக்கு அண்ணன் தம்பி அது.

நான்காவது, கால். மேலே அவ்வளவு பெரிய பலகை, கீழே அதற்குப் போட்டியாக முறுக்கிய வேரும் சிங்கப் பாதமும் இருந்தால் கண் எங்கேயும் நிற்காது. பலகை பேசுகிறது என்றால் கால் அமைதியாக இருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு மோஸ்தரும் ஓடுகிறது. இரண்டு பலகைகளின் வளைந்த ஓரங்களை எதிரெதிரே வைத்து, நடுவில் நீல நிற எபாக்ஸி ரெசினை ஊற்றி ‘ஆறு மேசை’ என்கிறார்கள். அளவாக ஒரு பொந்தை நிரப்ப ரெசின் உதவும், அதில் தவறில்லை. பாதி மேசையே பிளாஸ்டிக் என்றால் மரம் வாங்கியதற்கு அர்த்தம் இல்லை. சுடுபாத்திரம் வைத்தால் பல ரெசின்களில் தடம் விழும். வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளிக்கும். அரசலாற்றில் வெள்ளம் வரும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆற்றின் நிறம் அந்த நீலம் இல்லை.

விழுந்த மரத்தைப் பலகையாக்க

பூவரசு இதற்கு ஏற்ற மரம். வைரம் பாய்ந்த பகுதி செம்பழுப்பாக, சில மரங்களில் சாக்லேட் நிறமாகவே இருக்கும். நெருக்கமான நரம்பு, இழைத்தால் பளபளக்கும். வயதான மரத்தில் பொந்து இருக்கலாம். அறுப்பதற்கு முன் அடியையும் நுனியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தூங்குமூஞ்சியில் அகலமான பலகை கிடைக்கும். காயும்போது சுருக்கமும் குறைவு. வேம்பில் வைரப் பகுதி நன்றாக உழைக்கும். மாங்கனித் திருவிழா நடக்கும் காரைக்காலில் மாமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாங்கட்டை சீக்கிரம் கறுத்து உளுத்துப்போகும். விழுந்த சில நாளிலேயே அறுத்து மருந்து கொடுத்தால்தான் தேறும்.

பலகை 2 முதல் 2.5 அங்குலக் கனம் இருக்கட்டும். 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அங்குலக் கனம் உள்ள ஒரு பலகை ஒன்றரை கன அடி. இதை வைத்து, விறகுக்காரர் சொல்லும் விலையையும் மரவாடி விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. ஆனால் வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய 2 மடங்கு. பலகை கூன் விழுவதும், நடுப்புள்ளி உள்ள பலகை வெடிப்பதும் இதனால்தான். எனவே நடுப்புள்ளி ஒரே பலகையில் அகப்படாதபடி அறுக்கச் சொல்ல வேண்டும்.

அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் பெயின்ட் அடித்துவிட வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில், காற்று ஓடும் இடத்தில் அடுக்க வேண்டும். பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை, மேலும் கீழும் நேர்க்கோட்டில் வரும்படி வைக்க வேண்டும். மேலே பாரம் ஏற்ற வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. வெளிப்பக்கம் வெளுத்திருக்கும் பகுதியைத்தான் வண்டு முதலில் துளைக்கும். ஓரத்தை விடும்போது அந்த வெளுத்த பகுதியும் கூடவே நிற்கும் என்பதால், பச்சையாக இருக்கும்போதே போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலைத் தடவிவிடுவது பாதுகாப்பு.

கடலோரத்தில் இன்னும் ஒரு கவனம். இங்கே காற்றிலேயே ஈரம். நன்றாகக் காய்ந்த பலகையும் ஐப்பசி, கார்த்திகையில் உப்பும், சித்திரையில் சுருங்கும். அதனால் பலகையைக் காலோடு இறுக்கமாக ஆணி அடித்துப் பூட்டக் கூடாது. திருகாணி போகும் துளையைக் கொஞ்சம் நீளவாக்கில் விட்டால், பலகை தன் போக்கில் அசைந்துகொள்ளும். கடற்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி துருவேறும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு நல்லது.

வீட்டில் நடக்கும் பேச்சு

பலகை காய்ந்து பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு போகும்.

“ஆசாரியாரே, ரெண்டு பக்கமும் வளைவா விட்டுடுங்க. கடையில பார்த்தது அப்படித்தான் இருந்துச்சு.”

“எங்கே போடப் போறீங்க அண்ணே?”

“ரேழியில, செவத்தோட ஒட்டி.”

“அப்போ செவத்துப் பக்கம் நேராச் சீவிடறேன். வளைஞ்சா சந்து விழும், பிள்ளைங்க பென்சில் எல்லாம் பின்னாடி போயிடும். முன்பக்கம் மரம் கொடுத்தபடியே இருக்கட்டும்.”

நல்ல ரசனைக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. சுவர்ப் பக்கம் நேர். கைப் பக்கம் வளைவு. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த மோஸ்தருக்காக நிற்கிற மரத்தை வெட்டுவது மோசமான ரசனை மட்டுமல்ல, நஷ்டமும்கூட. கொல்லையில் நிற்கும் பூவரசு நிழல் தரும், ஆட்டுக்குத் தழை தரும், உப்புக்காற்றைத் தடுக்கும். சாய்ந்தது, பட்டது, வேறு வழியில்லாமல் எடுக்க வேண்டியது ஆகியவைதான் பலகைக்கு. சாலையோர மரம் அரசுக்குச் சொந்தம். அதில் கை வைக்கக் கூடாது. தேக்கு போன்ற மரங்களை வெட்டவும் கொண்டுபோகவும் விதிகள் உண்டு; முன்கூட்டியே வனத்துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

மரம் எடுத்த இடத்தில், மழைக்காலம் தொடங்கும்போது புதிதாக ஒரு பூவரசம் போத்தை ஊன்றிவிடலாம். அடுக்கி வைத்த பலகையின் முனையில், அடித்த பெயின்ட் மேலேயே, அறுத்த தேதியை எழுதி வைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, “இது எப்போ அறுத்தது?” என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.