பாராடாங் போற சுகர்காரர்களுக்கு

அந்தமானில் பாராடாங் சுண்ணாம்புக் குகை டூர் போறீங்களா? விடியுமுன்னே கிளம்பணும். ஜிர்காடாங்கில் இருந்து ஜாரவா பழங்குடிகள் காட்டுக்குள் கான்வாயாகத்தான் விடுவாங்க. நடுவில் வண்டி நிறுத்தக் கூடாது, போட்டோவும் கூடாது.

எங்க திருத்தணி மலையின் 365 படியையும் அசராமல் ஏறுற அப்பா, சுகர் மாத்திரையை நாலு மணிக்கே போட்டுட்டு "டிபன் வழியில பாத்துக்கலாம்"னார். டாக்டர் நான், பேசாம இருந்துட்டேன். காட்டு நடுவில் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல். மெஷினில் 52. அம்மா பையில் இருந்த சர்க்கரை மூணு ஸ்பூன், தண்ணியில் கலக்கிக் கொடுத்தேன் (நினைவு இருந்தால் மட்டும்தான் வாய்வழி). பதினஞ்சு நிமிஷத்தில் 96.

தட்டு முன்னால வந்தப்புறம் மாத்திரையை எடுங்க.

அப்புறம் அலையாத்திக் காட்டு ஓடையில் படகு. குகை வரைக்கும் அப்பா நடந்தே வந்தார். விழுதுகளைத் தொடாதீங்க, கை எண்ணெய் பட்டா வளர்ச்சி நின்னுடுமாம்.