கூரை வழியே கொழும்பு

102ஆம் இலக்க பஸ் மொரட்டுவையில் புறப்பட்டு, காலி வீதியை முழுக்க அளந்து, கொட்டாஞ்சேனையில் வந்து ஓயும். வெள்ளவத்தையில் ஏறினால் பத்துக் கிலோமீற்றர் அளவு வழிதான். காலை நெரிசலில் அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் போகும். 2025இன் முதல் பாதியில் நான் கொழும்பில் போன இடங்கள் எல்லாம் அநேகமாக இந்த வழியில்தான் இருந்தன. பார்க்கப் போனது கூரைகளை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில், மின் பொறியியல் படிப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்றதும் நுரைச்சோலையும் விக்டோரியா நீர்மின் நிலையமும்தான் ஞாபகம் வரும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் தலைக்கவசத்தோடு நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பு முழுவதற்கும் இருந்த ஆசை. எனக்குக் கிடைத்தது வீட்டுக் கூரைகளில் சோலார் பூட்டும் ஒரு தனியார் கொம்பனி. அங்கே பெரும்பாலும் 5 கிலோவாட் வேலைகள். தலைக்கவசம் மட்டும் கிடைத்தது.

தங்கியது வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பெண்பிள்ளைகளுக்கான போர்டிங். இடியப்பமும் சம்பலும், சேலைக்கடையும் ரியூசன் விளம்பரமுமாக ஊரைவிட்டு வந்த மாதிரியே இல்லை. சின்ன யாழ்ப்பாணம் என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் வீதி மட்டத்தில் தெரியும் வெள்ளவத்தை வேறு, மாடியில் ஏறிப் பார்க்கும் வெள்ளவத்தை வேறு. வெளிநாட்டுக் காசில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எழும்பிய பிளாட்டுகள். ஒன்றின் தலையில் மற்றதன் நிழல். மிச்ச இடத்தில் தண்ணீர்த் தாங்கிகள், ஏசிப் பெட்டிகள், உடுப்புக் காயப்போடும் கொடிகள். ஒரு பனல் இரண்டு மீற்றருக்கு மேல் நீளம். அவற்றில் ஒன்பது பத்தாவது வைக்க இடம் தேடி, அளவு நாடாவோடு சுற்றிச் சுற்றி வருவோம்.

இடம் கிடைத்தாலும் கூரை யாருடையது என்ற கேள்வி வரும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உரித்துச் சட்டத்தின்படி மொட்டைமாடி பொதுவாக எல்லோருக்கும் பொதுச் சொத்து. நாலாம் மாடி அங்கிள் சோலார் போட ஆசைப்படுவார், ஏழாம் மாடி அன்ரி, "அப்ப நான் மிளகாய் எங்க காயப்போடுறது?" என்பார். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் சமன்பாடு இல்லை. இன்னொன்று கடற்காற்று. ரயில் பாதையைத் தாண்டினால் கடல்தான். சாதாரண இரும்பு ஆணி அங்கே சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் போட்டு, உப்புக் காற்றுக்குச் சோதிக்கப்பட்ட பனல்தானா என்று ஐ.இ.சி. 61701 சான்றிதழையும் பார்க்க வேண்டும். மலிவாகச் செய்து தருகிறோம் என்று வருபவர்கள் கைவைப்பது பெரும்பாலும் இந்த ஆணியில்தான்.

கொட்டாஞ்சேனைக் கூரைக்குக் கணக்கு வேறு. ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. கூரை ஓடு, அல்லது அஸ்பெஸ்டஸ் சீற். சீற்றில் நேரே கால்வைத்தால் ஆள் கீழே. மரச்சட்டத்தின் மேல் பலகை போட்டு, இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு தவழ வேண்டும். நான் ஏறுவதைக் கீழே நின்று பார்க்கிறவர்கள், "பிள்ளை, நீர் இறங்கும், பொடியங்கள் பாக்கட்டும்" என்பார்கள். பொடியங்கள் என்பது அவிசாவளைப் பக்கத்துச் சிங்கள டெக்னீசியன்மார். அவர்களோ "நங்கி, பரிஸ்ஸமிங்" என்று கவனம் சொல்லிவிட்டு ஏற விடுவார்கள். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் கூரையில் படித்ததுதான். இலக்கணம் தெரியாது, ஆனால் எந்த வயரைத் தொடக்கூடாது என்று சிங்களத்தில் சொல்லத் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்துவிட்டுச் சிங்களம் தெரியாமல் கொழும்புத் தளமொன்றில் நிற்பது சங்கடம் மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. கீழ் வகுப்பில் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இதை அழுத்திச் சொல்லுவேன்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்துச் சனமும் வரும். அன்று அந்தப் பக்கம் பனல் லொறியைக் கொண்டுபோக எங்கள் சாரதி சம்மதிக்க மாட்டார். அருகிலேயே பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கே போய் இருந்துவிட்டு வருவேன்.

கொட்டாஞ்சேனையின் உயரமான மாடி ஒன்றில் நின்றால் மேற்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். கிழக்கே களனி ஆற்றோரம் களனிதிஸ்ஸ மின் நிலையம். 1960களில் நீராவியில் தொடங்கியது. பிறகு வாயுச் சுழலிகள் வந்தன. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்து நாப்தாவிலும் டீசலிலும் ஓடக்கூடிய இணைந்த சுற்று நிலையமும் அங்கே உண்டு. கூரைக்குச் சோலார் போட்டுவிட்டால் அந்தப் பக்கமே இனி வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். எல்லோரும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று: "கரண்ட் போனா இது எரியும்தானே, தம்பி?" தம்பி என்பது என்னோடு வருகிற விற்பனைப் பிரிவுக்காரர்.

எரியாது. லைன் செத்ததும் சாதாரண இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். நில்லாவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஊழியரின் உயிர் போகும். வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் தனியாக வேண்டும். விலை எங்கேயோ போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் இந்த வீட்டுக்காரர்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் ஏறியதையும் தாங்கியவர்கள். பில்லுக்குச் சோலார் மருந்துதான். இருட்டுக்கு இல்லை. விற்பவர்கள் பலர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதே இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்குப் பிறகு போர்டிங்கில் மின்விசிறிகள் நின்றன. நாடு முழுவதும் மின்சாரம் இல்லை. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். பிறகு நாடே குரங்கைப் பற்றிச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. குரங்கு எந்த நாளும் கம்பியில் ஏறக்கூடியதுதான். அன்று நாட்டின் மின்சாரமே விழுந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவாக இருந்ததும், வெயில் நன்றாக எறித்துக் கூரைச் சோலார் பெரும் பங்கு கொடுத்துக்கொண்டிருந்ததும்.

பெரிய சுழலிகளுக்குச் சடத்துவம் உண்டு. காலை எடுத்த பிறகும் தையல் மெஷின் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுகிற மாதிரி, ஒரு நிலையம் திடீரென்று விழுந்தாலும் அவை மீடிறனை 50 ஹேர்ட்ஸிலிருந்து சட்டென்று விழவிடாமல் தாங்கிப் பிடிக்கும். சாதாரண கூரைச் சோலாரில் சுற்றுவது எதுவும் இல்லை. சுழலிகள் குறைந்த நேரத்தில் ஓர் அடி விழுந்தால் தாங்குவதற்கு ஆள் இல்லை. அன்று நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின; அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. விரிவுரையில் ஒரு வரியாகக் கடந்துபோன சடத்துவத்துக்கு எவ்வளவு பாரம் என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும், தொழிற்சாலைகளோ பூட்டு. அந்த விடுமுறை நாட்களில் பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. 2016இல் "சூரிய பல சங்கிராமய" திட்டத்தில், முதல் ஏழு வருடத்துக்கு யூனிற்றுக்கு 22 ரூபா தருகிறோம் என்று அழைத்த அரசாங்கம்தான் இன்றைக்கு நிறுத்தச் சொல்கிறது என்று ஒருவர் என்னைப் பிடித்து ஏசினார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூரைகள் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டும் வரை பற்றரியைப் பற்றியும் வலையமைப்பைப் பற்றியும் யோசிக்காமல் இருந்தது வீட்டுக்காரர்களின் குற்றம் இல்லை.

இதே கதை சின்ன அளவில் ஒழுங்கைக்குள்ளும் நடக்கிறது. இங்கே 230 வோல்ட்டிலிருந்து 6 வீதம்வரை ஏறி இறங்கலாம், அதாவது மேலே 244. கடைகள் பூட்டியிருக்கும் ஞாயிறு மத்தியானம், ஒரே மின்மாற்றியில் பல கூரைகள் சேர்ந்து தள்ளினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். உடனே இன்வேட்டர்கள் ஒவ்வொன்றாக நிற்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது உற்பத்தி பூச்சியம். வீட்டுக்காரருக்குப் பனல் பழுது என்று தோன்றும். பனலில் ஒரு குறையும் இருக்காது, பிழை வயரின் தடிப்பிலும் மின்மாற்றியின் கொள்ளளவிலும் இருக்கும்.

சோலார் போட நினைக்கிறவர்கள் விலை கேட்பதற்கு முன் மூன்று விசயம் கேளுங்கள். கரண்ட் போனால் என் வீட்டில் என்ன எரியும்? என் மின்மாற்றியில் இன்னும் இடம் இருக்கிறதா? கூரையில் போடும் ஆணி எந்த உலோகம்? பதிலை எழுத்தில் தராதவர்களிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.