மழை இரவும் மூச்சும்

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்புகளை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம்.

ஆடி மழை வலுத்தால் எனக்கு மீண்டு வந்தவர்களின் நினைப்புதான். தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். அவர்களிடம் போய் "மறந்துடுங்க" என்கிறோமே, அது கொடுமை. பயம் உடம்பில் அல்லவா தங்கியிருக்கிறது!

இதயத் துடிப்பை நேரடியாகக் குறைக்க நம்மால் முடியாது. மூச்சை மெதுவாக்க முடியும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் 183 பேரிடம் யோக மூச்சுப் பயிற்சியைச் சோதித்தார்கள். ஆய்வு 2010இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தன. குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதால் முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் நம் மக்களிடமே கண்டது என்பதால் எனக்கு நம்பிக்கை தருகிறது.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இருட்டில் சிலருக்கு அந்த இரவே திரும்ப வரும். மூச்சை அடக்கவும் சொல்லாதீர்கள், மண்ணில் புதைந்து மீண்டவருக்கு அது பயங்கரம். கண் திறந்தபடி, கால் தரையில் பட, மூக்கால் இழுத்து, அதைவிட நீளமாக விட்டால் போதும். படபடப்பு கூடினால் உடனே நிறுத்திவிடலாம்.

பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும் என்ற தொழிலாளர்களின் கோரிக்கையை இந்தப் பயிற்சியைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. சரிவுக்குக் கீழே படுப்பவருக்கு வரும் பயம் நோயல்ல, நியாயம்.

தூக்கமே போய்விட்டவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.